ஒரே கை கேஸ் டார்ச் எல்லா வேலைக்கும் போதுமா? எதைப் பார்த்து வாங்குவது?

பழுதுப்பெட்டி

வணக்கம். நானும் ஒரு உதவியாளரும் சேர்ந்து சின்னச் சின்னப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறோம். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து காப்பர் ஜாயின்ட் வரும். பெரும்பாலும் 15, 22 மில்லிமீட்டர் தண்ணீர்க்குழாய், எப்போதாவது 28. மாதத்துக்கு இரண்டு மூன்று ஏசி லைன் பிரேசிங் (அதிகச் சூட்டில் உலோகக் கம்பியை உருக்கி இணைப்பது). இதோடு துருப்பிடித்து இறுகிப்போன நட்டைச் சூடாக்கிக் கழற்றுவது, ஒயரில் ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுவது, கதவு ஜன்னலில் பழைய பெயின்ட்டைச் சுட்டு உரிப்பது என்று எல்லாம் வரும்.

இப்போது கையில் இருப்பது சாதாரண டார்ச். குடுவை மேல் திருகி, குமிழைத் திருப்பி, லைட்டரால் பற்றவைக்கிற வகை. நேராகப் பிடித்தால் பிரச்சினை இல்லை. சிங்க்குக்கு அடியில் கையை நுழைத்துச் சாய்த்தால் தீ திடீரென்று மஞ்சளாகி ஒரு முழம் நீளத்துக்குப் பாய்கிறது. போன வாரம் முன்கை முடி கருகிவிட்டது, தோலும் லேசாகச் சிவந்தது. இனி இதை வைத்து வேலை செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

புதிதாக ஒன்று வாங்க வேண்டும். பெட்டிகளில் எல்லாம் 1,900 டிகிரி, 2,000 டிகிரி என்று போட்டிருக்கிறது. எது அதிகச் சூடோ அதை வாங்கினால் எல்லா வேலைக்கும் ஆகிவிடுமா? ஹோஸ் வைத்தது நல்லதா, குடுவை மேலேயே மாட்டுவது நல்லதா? ஆக்சிஜன் செட்டுக்கே போய்விடலாமா?

பழையபிளம்பர்

தம்பி, முதலில் கையைப் பார்த்துக்கொள். அந்த டார்ச்சை இன்றைக்கே பையிலிருந்து எடுத்து வெளியே வை.

பெட்டியில் போட்டிருக்கிற டிகிரியைக் கடைசியாகப் பார்த்தால் போதும். காற்றில் எரியும் புரொப்பேன் சுடரே 1,900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நீ தண்ணீர்க்குழாயில் ஓடவிடுகிற ஈயமில்லாத சால்டர் (பற்றாசு) உருகுவது 230 டிகிரி சுற்றில். செம்பே 1,085-இல் உருகிவிடும். அப்படியிருக்க, சுடரின் டிகிரி பற்றாமல் எந்த ஜாயின்ட்டும் கெடுவதில்லை. கெடுவது இரண்டு காரணத்தால். ஒன்று, குழாய் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிற வேகத்துக்கு உன் டார்ச் ஈடுகொடுக்கவில்லை. இன்னொன்று, ஈடுகொடுக்கவில்லையே என்று ஒரே இடத்தில் தீயை வைத்து ஃப்ளக்ஸை (சால்டர் ஒட்டுவதற்காக ஜாயின்டில் தடவும் பசை) கருக்கிவிடுகிறாய். எவ்வளவு வெப்பம் தருகிறது என்பதற்குப் பெட்டியில் வேறொரு எண் இருக்கும்: மணிக்கு எத்தனை கிராம் கேஸ் எரிக்கிறது, அல்லது எத்தனை கிலோவாட். மணிக்கு 150 கிராம் எரித்தால் ஏறக்குறைய 2 கிலோவாட். 22 மில்லிமீட்டர் ஜாயின்டுக்கு அது தாராளம்.

இப்போது உன் முன்கை விஷயம். குடுவைக்குள்ளே இருப்பது திரவம். நிமிர்த்திப் பிடித்தால் மேலே நிற்கும் ஆவி மட்டும் நாசிலுக்கு, அதாவது கேஸ் வெளிவரும் சிறு துளைக்கு, வரும். சாய்த்தாலோ கவிழ்த்தாலோ திரவமே வந்துவிடும். ஒரு துளி புரொப்பேன் திரவம் ஆவியானால் இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் விரியும். அத்தனையும் எரியத் தேவையான காற்று அந்தச் சின்ன ஓட்டைகள் வழியாக வராது, அதனால்தான் மஞ்சள் தீ பாய்கிறது. இதற்குத் தீர்வு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ள டார்ச். எந்தக் கோணத்திலும் எரியும் என்று எழுதியிருக்கிறதா என்று பார். அப்படி எழுதியிருந்தாலும் பல டார்ச்சுகளில் முதலில் ஓரிரு நிமிடம் நிமிர்த்தி எரியவிட்டுச் சூடாக்கிய பிறகே கவிழ்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதே.

ரெகுலேட்டர் முதலாவது. தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இரண்டாவது. மற்றதெல்லாம் அப்புறம்.

நீலச்சுடர்

குமிழ் பற்றிச் சொன்னதை நானும் அழுத்திச் சொல்கிறேன். விசையை அழுத்தினால் எரியும், விட்டால் அணையும், தீயின் அளவு ஒன்றே ஒன்றுதான் என்கிற டார்ச்சுகள் நிறைய உண்டு. வேகமாக வேலை முடிக்க அவை நல்லவை, விட்டதும் அணைவது பாதுகாப்பும்கூட. ஆனால் பலவகை வேலை செய்பவருக்குத் தீயைச் சிறிதாக்க முடிவதுதான் முக்கியம். பெரிய தீ எல்லா டார்ச்சிலும் வரும். 15 மில்லி ஜாயின்டுக்குச் சின்னதாய், நிலையாய் ஒரு தீ வைக்க முடிகிறதா என்பதில்தான் நல்லதும் சாதாரணமும் பிரியும். கடையில் பற்றவைத்துக் காட்டச் சொல்லிக் குமிழை மெல்லக் குறைத்துப் பாருங்கள், பாதிக்குக் கீழே போனதும் துடித்து அணைந்தால் விட்டுவிடுங்கள்.

தீயின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். பென்சில் சுடர் ஒரு புள்ளியில் குத்தும். சுழல் சுடர் என்று சொல்வது எரிகுழாய்க்குள் காற்றையும் கேஸையும் சுழற்றிவிட்டு வருவது, தீ குழாயைச் சுற்றிக் கொஞ்சம் அணைத்துக்கொள்ளும், பின்பக்கமும் சீக்கிரம் சூடாகும். குழாய் வேலைதான் அதிகம் என்றால் சுழல். பெர்ன்சோமேட்டிக் டிஎஸ்8000 இந்த வகைதான், ரெகுலேட்டர், குமிழ், விசைப் பூட்டு (விசையை அழுத்திய நிலையிலேயே நிறுத்துவது) மூன்றும் அதில் உண்டு. அதே ஒன்றை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை, எந்த நிறுவனமாக இருந்தாலும் இந்த மூன்றும் சுழல் சுடரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சுடரின் மிகச் சூடான இடம் உள்ளே தெரியும் வெளிர்நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று வெளியே. கூம்பையே குழாயில் முட்டவைத்துக்கொண்டு டார்ச் சரியில்லை என்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பழுதுப்பெட்டி

நன்றி அண்ணா, நன்றி நண்பரே. கிலோவாட் பார்க்க வேண்டும் என்பதே எனக்குப் புதிது. கேஸ் எதை வாங்குவது என்றும் சொல்லுங்கள். மஞ்சள் குடுவையில் மேப் என்று ஒன்று வருகிறதே, அது வேறு சூடா? அப்புறம், குளிர் காலையில் டார்ச் மந்தமாக எரிகிறது, குடுவை பாதியானதும் இன்னும் மோசம். குடுவை பழுதா?

நீலச்சுடர்

மேப் பற்றி ஒரு குழப்பம் நீண்ட நாளாக ஓடுகிறது. உண்மையான மேப் என்பது மெத்தில் அசிட்டிலீன், புரொப்பாடையீன் கலவை. வட அமெரிக்காவில் அதன் தயாரிப்பு 2008-இல் நின்றுவிட்டது. இப்போது மேப் புரோ போன்ற பெயர்களில் வருவது பெரும்பாலும் புரொப்பிலீன். காற்றில் எரியும்போது புரொப்பேனுக்கும் இதற்கும் சுடரின் வெப்பநிலையில் நூறு டிகிரிகூட வித்தியாசம் வராது. ஆனாலும் கையில் பிடித்துப் பார்த்தால் வேகம் தெரியும், ஏனென்றால் இது எரியும் வேகம் கொஞ்சம் கூடுதல், வெப்பமும் உட்சுடரில் அதிகம் குவிகிறது.

அந்த வேகம்தான் சால்டரிங்கில் ஆபத்து. 15 மில்லி எல்போவில் மேப் வைத்தால் கண் சிமிட்டுவதற்குள் ஃப்ளக்ஸ் கருகிவிடும், கருகிய இடத்தில் சால்டர் ஒட்டாது, உருண்டையாய் நின்று கீழே விழும். நான் தண்ணீர்க்குழாய்க்குப் புரொப்பேன் மட்டும்தான். மேப் பிரேசிங்குக்கும் இறுகிய நட்டுக்கும். டார்ச் இரண்டு கேஸுக்கும் ஏற்றது என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும், அதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளிர்ச்சிமெக்கானிக்

காலையில் மந்தமாக எரிவதற்குக் குடுவை பழுதில்லை. நீங்கள் வைத்திருப்பது பியூட்டேன் கலந்த கேம்பிங் குடுவையா என்று லேபிளைப் பாருங்கள். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. 20 டிகிரியில் புரொப்பேன் குடுவைக்குள் 8 பார் சுற்றி அழுத்தம் இருக்கும், பியூட்டேனில் 2 பார்தான். கலவையாக இருந்தால் புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகி வெளியே போய்விடும், கடைசிப் பாதியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் இதோடு பொருந்துகிறது.

சுத்தப் புரொப்பேனிலும் தொடர்ந்து பத்து நிமிடம் முழுத் தீ வைத்தால் குடுவை குளிர்ந்து வெளியே பனி பூக்கும், அழுத்தம் இறங்கும். ஆவியாகத் தேவையான வெப்பத்தை அது தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அப்போது குடுவையை மாற்றி வைத்து வேலை செய்யுங்கள். இன்னொரு டார்ச்சால் குடுவையைச் சூடுகாட்டுவதை ஒரு வேலையிடத்தில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன், பிடுங்கி வைத்துவிட்டுத்தான் பேசினேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

ஏசி லைன் பற்றி. பிரேசிங் என்றாலே நிரப்புலோகம் 450 டிகிரிக்கு மேல் உருக வேண்டும். நாம் போடும் 15 சதவீத வெள்ளி கலந்த பாஸ்பரஸ் செம்புக் கம்பி 645 சுற்றில் உருகத் தொடங்கி 800 சுற்றில் முழுத் திரவமாகும். ஜாயின்ட் முழுவதும் மங்கிய சிவப்புக்கு வர வேண்டும், வந்த பிறகு அங்கேயே நிற்கவும் வேண்டும். கால் அங்குலம், முக்கால் அங்குலத்துக்குள் என்றால் நல்ல சுழல் டார்ச்சில் மேப் போட்டு முடித்துவிடலாம், நான் வருடக்கணக்காகச் செய்கிறேன். 7/8 அங்குலம் வந்தால் கை டார்ச்சோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் அசிட்டிலீனைக் காற்றோடு எரிக்கும் டார்ச்சோ ஆக்சிஜன் செட்டோ இல்லாமல் இறங்காதீர்கள். மெதுவாகச் சூடாகும் ஜாயின்டில் செம்பு நீண்ட நேரம் சூட்டில் கிடந்து மென்மையாகிவிடும், உள்ளே கருப்பு ஆக்சைடு படியும்.

அந்த ஆக்சைடுதான் பிறகு கேப்பிலரி என்ற நுண்குழாயை அடைத்துக் கம்ப்ரசரைக் கெடுக்கிறது. பிரேசிங் செய்யும் நேரம் முழுவதும் குழாய்க்குள் நைட்ரஜனை மெல்லச் செலுத்திக்கொண்டே இருங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். லைனில் குளிர்பதன வாயு மிச்சம் இருந்தால் தீயே காட்டக்கூடாது. சுடரில் அது சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு மாதிரி நுரையீரலை அரிக்கும் புகை வரும். முழுதாக மீட்டெடுத்த பிறகுதான் டார்ச்.

செம்புக்குச் செம்பு என்றால் இந்தக் கம்பிக்கு ஃப்ளக்ஸ் வேண்டாம். பித்தளைக்கு வேண்டும். இரும்புக்கு இந்தக் கம்பியையே போடாதீர்கள், ஜாயின்ட் நொறுங்கும்.

இரும்புப்பட்டறை

நட்டு வேலைக்கு நானும் ஒன்று சொல்கிறேன். போல்ட்டைச் சூடாக்காதீர்கள், நட்டைச் சுற்றிச் சூடாக்குங்கள். நட்டு விரிந்தால்தான் பிடி விடும். 12, 14 மில்லி நட்டு வரைக்கும் மேப் போட்ட கை டார்ச் போதும், பெரிய இரும்புக் கட்டையில் திருகியிருக்கும் போல்ட்டுக்குப் போதாது, கட்டை வெப்பத்தை எல்லாம் குடித்துவிடும்.

நாகம் (ஜிங்க்) பூசிய நட்டு, குழாய், கிளாம்ப் எதிலும் சும்மா தீ வைக்காதீர்கள். நாகம் 907 டிகிரியில் ஆவியாகும், அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று இரவே காய்ச்சல், நடுக்கம், நெஞ்சு இறுக்கம். நான் இளவயதில் மூடிய அறையில் செய்து பட்டிருக்கிறேன், இரண்டு நாள் படுக்கை. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்த நட்டில் உடனே தீ காட்டினால் பற்றிக்கொள்ளும். பிரேக் கிளீனர் இன்னும் மோசம். குளோரின் கலந்த கிளீனர் மிச்சம் இருக்கும் இடத்தில் தீ பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகலாம். மூடிய டப்பா, ஷாக் அப்சார்பர், அடைபட்ட குழாய் இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

கூரைமேல்

பெயின்ட்டைச் சுட்டு உரிப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கை டார்ச்சில் செய்ய வேண்டாம் நண்பரே. பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தால் சுடர் அதை ஆவியாக்கிவிடும், வேலை செய்பவரும் அந்த வீட்டுக் குழந்தைகளும் அதை மூச்சில் இழுப்பார்கள். சூடான காற்று அடிக்கும் கன் போதும், அதையும் 590 டிகிரிக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும், ஈயம் இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட வேண்டும். ஹீட் ஷ்ரிங்க்குக்கும் அதே கன்தான். அது சுருங்குவது 90 முதல் 125 டிகிரியில், 1,900 டிகிரிச் சுடரை அதற்குக் காட்டினால் வெளிப்பக்கம் கருகும், உள்பக்கம் தளர்ந்தே கிடக்கும்.

மொட்டைமாடியில் தார் ஷீட் ஒட்டும் வேலையும் வந்தால் அதற்கும் இந்த டார்ச் ஆகாது. அது பெரிய சிலிண்டர், நீளக் குழல் வைத்த தனிக் கருவி.

பழுதுப்பெட்டி

சரி, பெயின்ட்டையும் ஷ்ரிங்க்கையும் டார்ச் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது, ஒரே கருவி எல்லாம் செய்ய வேண்டும் என்று நினைத்ததுதான் குழப்பத்துக்குக் காரணம் போல. ஹோஸ் பற்றி யாராவது சொல்லுங்கள்.

குளிர்ச்சிமெக்கானிக்

ஹோஸ். சந்தேகமே வேண்டாம். குடுவையில் 400 கிராம் கேஸ், இரும்பும் ஏறக்குறைய அதே எடை, மேலே டார்ச் தலை. ஒரு கிலோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மறுகையில் கம்பியோடு பத்து ஜாயின்ட் போட்டுப் பாருங்கள், கை நடுங்கும், நடுங்கினால் தீ ஒரே இடத்தில் நிற்காது. ஹோஸில் குடுவை இடுப்புக் கொக்கியில் தொங்கும், கையில் இருப்பது பேனா போலத் தலை மட்டும். முக்கியமாக, கையை எப்படிச் சாய்த்தாலும் குடுவை நிமிர்ந்தே இருக்கும். நீங்கள் முதலில் சொன்ன பிரச்சினைக்கே அது பாதித் தீர்வு.

பழையபிளம்பர்

இதில் எனக்கு வேறு கருத்து. ஹோஸ் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் முதல் டார்ச்சாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு ஜாயின்டுக்காக ஏணியில் ஏறுகிறவன், குடுவையை இடுப்பில் மாட்டி, ஹோஸைச் சிக்கெடுத்து, இறங்கும்போது அது படியில் மாட்டி, இப்படி எத்தனை தடவை. ஹோஸ் என்றால் கசிய வாய்ப்புள்ள இணைப்பு இன்னும் இரண்டு கூடுகிறது. சூடான குழாயில் பட்டு மேல்தோல் உருகியதைக் கவனிக்காமல் அப்படியே பெட்டிக்குள் சுருட்டி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. இந்தத் தம்பிக்கு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து ஜாயின்ட், அதுவும் அங்கொன்று இங்கொன்றாக. குடுவை மேலேயே மாட்டும், ரெகுலேட்டர் உள்ள தலையே போதும்.

குளிர்ச்சிமெக்கானிக்

அண்ணா, அங்கொன்று இங்கொன்று என்றால் நீங்கள் சொல்வது சரி. எனக்கு ஒரு நாளில் இருபது ஜாயின்ட் ஒரே இடத்தில் இருக்கும், அந்தக் கணக்கில் பேசிவிட்டேன். ஆனால் சிங்க்குக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்றால் முழு நீளக் குடுவையோடு தலை உள்ளே போகவே போகாது. ஹோஸைத் தனியாக வாங்கி அதே தலையில் மாட்டும்படி சில டார்ச்சுகள் வருகின்றன, அப்படி ஒன்று கிடைத்தால் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

பழையபிளம்பர்

அது சரி. அப்படிக் கிடைத்தால் வாங்கு தம்பி. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பார், தீக்குச்சியால் பார்க்காதே. திருகுமரையையும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடு. ஒல்லிக் குடுவையில் பெரும்பாலும் வருவது ஒரு அங்குல மரை, சிஜிஏ 600 என்பார்கள். ஐரோப்பிய வகை, கேம்பிங் வகைக் குடுவையில் 7/16 அங்குல மரை, ஈஎன் 417. ஒன்றின் தலை மற்றதில் ஏறாது. அடாப்டர் போட்டு ஓட்டலாம் என்று கடையில் சொல்வார்கள், கேட்காதே, உனக்கு எந்தக் குடுவை எப்போதும் கையெட்டும் தூரத்தில் கிடைக்குமோ அதற்கேற்ற தலையை வாங்கு. தீர்ந்த குடுவையைப் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பவும் கூடாது. ஒருமுறை பயன்பாட்டுக்கென்றே செய்த வால்வு அது, நிரப்பிய பிறகு சரியாக மூடிக்கொள்ளும் என்ற உறுதி இல்லை.

நேர்கோடு

எல்லாரும் டார்ச் பற்றியே பேசுகிறீர்கள். இப்போது பிரஸ் ஃபிட்டிங் வந்துவிட்டதே? தீயே வேண்டாம், ஓ-ரிங் உள்ள ஃபிட்டிங்கை மாட்டி அழுத்தினால் சில விநாடியில் முடிந்தது. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தாலும் போடலாம். ஒப்பந்தக்காரர் டார்ச்சில் யோசிக்கும் நேரத்தில் பிரஸ் மெஷின் வாங்கிவிடலாம்.

பழையபிளம்பர்

தண்ணீர் சொட்டும் குழாயில் பிரஸ்தான் ராஜா, அதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தாலும் 100 டிகிரியைத் தாண்டவிடாது, ஆவியாக்கிக்கொண்டே நிற்கும், எந்த டார்ச்சாலும் சால்டர் ஓடாது. ஆனால் மெஷினின் தாடை நுழைய இடம் வேண்டும், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தாடை வேண்டும், தப்பாகப் போட்டால் வெட்டி எறியத்தான் முடியும். வாரத்துக்குப் பத்து ஜாயின்ட் போடுகிறவருக்கு போட்ட முதலீடு திரும்பி வருவதற்குக் காலம் பிடிக்கும். வாடகைக்குக் கிடைத்தால் தேவைப்படும் நாளில் எடுக்கலாம்.

கூரைமேல்

பிரஸ் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். மரச்சட்டத்துக்குள் ஓடும் குழாய் என்றால் எனக்கு இப்போது பிரஸ் மட்டும்தான், அல்லது வெளியே சால்டர் செய்துகொண்டு வந்து மாட்டுவேன். காரணம் இருக்கிறது.

சில வருடம் முன்பு சுவருக்குள் ஒரு டீ ஜாயின்ட் மாற்றினேன். பின்னால் தீத்தடுப்புத் துணி வைத்தேன், தண்ணீர் தெளித்தேன், ஜாயின்ட் அருமையாக வந்தது. இருபது நிமிடம் இருந்து கருவிகளை அடுக்கினேன், ஒன்றும் தெரியவில்லை. வண்டி வரைக்கும் போய், ஸ்பேனரை விட்டுவிட்டோமே என்று திரும்பி வந்தேன். சுவருக்குள்ளிருந்து கருகிய மர வாசனை. பலகையைப் பிடுங்கினால் துணி மூடாத ஒரு விரல் அகல இடுக்கில் மரத்தூள் கங்காகப் புகைந்துகொண்டிருந்தது. தீயே இல்லை, வெறும் கங்கு. ஸ்பேனரை மறக்காமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் இரவு தூங்கும்போது அது சுடராகியிருக்கும். இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அதன் பிறகுதான் படித்தேன். தீ வேலைகளுக்கான என்எஃப்பிஏ 51பி என்ற அமெரிக்க விதித்தொகுப்பு, வேலை முடிந்த பிறகு அரைமணி நேரம் காவல் இருக்க வேண்டும் என்று முன்பு சொன்னதை 2019 பதிப்பில் ஒரு மணி நேரமாக்கிவிட்டது. எரியக்கூடிய எதுவும் 35 அடிக்குள் இருக்கக்கூடாது, நகர்த்த முடியாவிட்டால் மூட வேண்டும். நான் இப்போது டார்ச் வேலையை நாளின் முதலில் முடித்துவிடுவேன், மற்ற வேலை செய்யும் நேரமெல்லாம் காவல் நேரமாகிவிடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், வண்டியில் இல்லை.

நீலச்சுடர்

கூரைமேல், எழுதியதற்கு நன்றி. நானும் சாயங்கால ஜாயின்டுகளைக் காலைக்கு மாற்றப்போகிறேன்.

பழுதுப்பெட்டி

படித்துவிட்டு உதவியாளரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன். நானும் மாலையில் கடைசி வேலையாகத்தான் ஜாயின்ட் போடுவேன். இனி இல்லை.

பழுதுப்பெட்டி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரெகுலேட்டர், குமிழ், சுழல் சுடர், விசைப் பூட்டு உள்ள தலை ஒன்று வாங்கினேன், மணிக்கு 150 கிராம் வகை, பிறகு ஹோஸ் மாட்டிக்கொள்ளலாம். ஹோஸ் இன்னும் வாங்கவில்லை. புரொப்பேன் இரண்டு குடுவை, மேப் ஒன்று. 400 கிராம் குடுவை முழுத் தீயில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு 22 மில்லி ஜாயின்ட் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது, ஆகவே கேஸ் செலவைப் பற்றி நான் பயந்தது வீண். ஹீட் கன் தனியாக வாங்கிவிட்டேன்.

சாய்த்தும் கவிழ்த்தும் பார்த்தேன், மஞ்சள் தீ வரவில்லை. ஃபிட்டிங்கின் குழிப்பக்கத்தைச் சூடாக்கி, எதிர்ப்பக்கத்தில் சால்டரைத் தொட்டால் தீ இருக்கும் பக்கத்துக்கு அதுவே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பழைய டார்ச்சில் இதை நான் ஒருநாளும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. 3/8, 5/8 அங்குல ஏசி லைன் மேப்பில் போட்டேன், நைட்ரஜன் ஓடவிட்டு. அழுத்தச் சோதனையில் நின்றது. 28 மில்லிக்குப் பித்தளை வால்வு ஒன்று வந்தது, அதில்தான் திணறினேன். வால்வு உடலே வெப்பத்தை இழுத்துவிட்டது.

ஒரு சந்தேகம். நான்கு நாள் பெட்டியில் கிடந்த பிறகு நேற்றுப் பற்றவைத்தால் தீ மஞ்சள் கலந்து சோம்பலாக எரிகிறது. குடுவை புதிது, புரொப்பேன்தான். ரெகுலேட்டர் போய்விட்டதா?

பழையபிளம்பர்

ரெகுலேட்டர் இவ்வளவு சீக்கிரம் போகாது. தலையைக் குடுவையோடு சேர்த்தே பெட்டியில் வைத்தாயா? வேலை முடிந்ததும் கழற்றி வை, இரண்டையும் சேர்த்து வைத்தால் மெல்லக் கசிந்து வண்டிக்குள் கேஸ் தேங்கும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழேயே கிடக்கும், காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்தாலே பற்றிக்கொள்ளும். குடுவையை வெயிலில் நிற்கும் வண்டியிலும் விடாதே, 50 டிகிரியைத் தாண்டக்கூடாது.

மஞ்சள் தீ என்றால் காற்று போகவில்லை. எரிகுழாயின் அடியில் காற்றுத் துளைகள் இருக்கும், அங்கே சிலந்தி கூடு கட்டியிருக்கும், அல்லது ஃப்ளக்ஸ் பசையும் தூசியும் சேர்ந்து அடைத்திருக்கும். சிலந்திக்கு அந்தக் கேஸ் வாசனை பிடிக்கும் போல, ஒரே இரவில் கட்டிவிடும். குடுவையைக் கழற்று, துளைகள் வழியாகவும் குழாயின் வாய் வழியாகவும் காற்றடித்து ஊது. நாசில் துளையில் ஊசியோ கம்பியோ விடாதே, துளை பெரிதானால் அந்தத் தலை அவ்வளவுதான். அந்தப் பித்தளை வால்வுக்கு முதலில் கைப்பிடியையும் உள்ளே இருக்கும் ரப்பர் பாகத்தையும் கழற்றிவிடு, மேப்புக்கு மாறி முதலில் வால்வின் கனமான பக்கத்தில் தீயைக் காட்டு, குழாயில் கடைசியில் கொஞ்ச நேரம் காட்டினால் போதும்.

பழுதுப்பெட்டி

சிலந்தி வலையேதான் அண்ணா. ஊதினேன், நீலமாக எரிகிறது. பெட்டிக்குள் தலைக்கு மூடி போட்ட டப்பா ஒன்று வைத்துவிட்டேன், குடுவை தனியாக நிமிர்ந்து நிற்கிறது.